பாராட்டும் பிரமோதமும்

பிறர் செய்த நற்செயலைப் பாராட்டுதல் அறமா, வாணிபமா? இவ்வினாவை நம்முன் எழுப்பியவள் பெங்களூரில் பணிபுரியும் நம் பேத்தி.

அவளுடைய நிறுவனம், பாராட்டுக்கென்றே கணினி மென்பொருள் ஆக்கிப் பிற நிறுவனங்களுக்கு விற்கிறது. அம்முறையில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் சில புள்ளிகள் அளிக்கப்படும். அவற்றைத் தமக்கென வைத்துக்கொள்ள இயலாது; நற்பணி செய்த உடன்பணியாளருக்கு இரண்டு வரிப் பாராட்டுடன் வழங்க வேண்டும். அதனை அனைவரும் காண்பர். பெற்றவர் புள்ளிகளைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். மென்பொருளை ஆக்குவோரும் தமக்குள் இம்முறையையே கையாளுகின்றனர்.

இத்தொழில் முற்றிலும் புதிதன்று. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் ஓபர்ட் டானர் என்பார் 1927-இல் பள்ளி மாணவர்க்குச் சின்னங்களும் மோதிரங்களும் விற்கத் தொடங்கினார். அவர் நிறுவிய நிறுவனம் பின்னர் ஊழியர்க்குரிய பாராட்டுச் சின்னங்களைச் செய்தது. இன்று மென்பொருளும் வழங்குகிறது. அவர் தத்துவப் பேராசிரியராகவும் விளங்கியவர்.

பேத்தி கூறினாள்: "செலவிடாத புள்ளிகள் மாத இறுதியில் வீணாகிவிடும், பாட்டி. அன்று பாராட்டு மழையாகப் பொழியும். என்னுடன் ஒருநாளும் பணி செய்யாதவர்கூட என்னைப் புகழ்ந்து எழுதினார். இரவெல்லாம் விழித்துப் பிழை திருத்தியவரை எவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை." இறுதிச் சொற்களில் அவள் குரல் தாழ்ந்தது.

அவளைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. ஆசிரியப் பணியில், அழகிய கையெழுத்துடைய ஏடுகளில் சிவப்பு மையால் நட்சத்திரம் வரைந்தோம். எவரும் ஏவாமலே நாள்தோறும் வகுப்புப் பானையில் நீர் நிரப்பிய சிறுமிக்கு ஒரு சொல்லும் சொன்னோமில்லை. இன்று அவள் பெயரும் நினைவில் இல்லை.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம், குணத்தால் மிக்காரைக் கண்டு மகிழும் பிரமோதத்தை நான்கு பாவனைகளுள் ஒன்றாக வைக்கிறது. பிறரை இகழ்ந்து தன்னைப் புகழ்வதும், பிறர் நற்குணத்தை மறைப்பதும் தாழ்ந்த கோத்திர வினைக்குக் காரணம் என்றும் உரைக்கிறது. அருகிலுள்ள நற்குணத்தைக் காணாதிருத்தலும் மறைத்தலை ஒட்டியதே அன்றோ?

புள்ளிகள் தீயன என்று கூறோம். மறதி மிக்க மாந்தர்க்கு அவை நினைவூட்டலாம். ஆயினும் காண்பது நம் கண்ணே. மகிழ்வது நம் உள்ளமே. அம்மகிழ்ச்சி இல்லாத பாராட்டு வெறும் பண்டமாற்று.

மறுவாரம் பேத்தி அவரிடம் நேரில் சென்று நன்றி கூறினாளாம். அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அப்பிழை எங்கே ஒளிந்திருந்தது என்று ஒரு மணிநேரம் மகிழ்வுடன் விளக்கினாராம்.

பொழுது சாயுமுன் அனைவரும் உண்ண வேண்டுமென்று நம் இல்லங்களில் அன்றாடம் அடுக்களையில் விரைபவர் உளர். அவரிடம் நாம் இன்று என்ன சொன்னோம்?

அறம் வளர்க!