நீலம் முடியும் இடம்

என் எழுதும் மேஜையின் மேல் காலியான சென்ட் பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே இருந்த வாசனை தீர்ந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. என் மனைவி இரண்டு முறை அதைப் பழைய சாமான்காரரிடம் போட எடுத்தாள். இரண்டு முறையும் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன். "காலி பாட்டிலுக்கு இவ்வளவு காவலா!" என்று சிரித்தாள் அவள்.

அழகான பாட்டில்தான். அடியில் நள்ளிரவு வானத்தைப் போன்ற கருநீலம். மேலே வர வர அந்த நீலம் இளகி, விடியற்கால நீலமாகி, பிறகு நீலமா வெறும் வெளிச்சமா என்று சொல்ல முடியாத ஒன்றாகி, கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை அளவில் தெளிந்த கண்ணாடியாக முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து வியக்கிறார்கள். நான் அதை வைத்திருப்பது அழகுக்காக அல்ல. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுதிய ஒரு முன்னுரை நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் தம் முதல் நாவலின் பிரதியோடு என்னைத் தேடி வந்தார். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியர். முன்னுரை வேண்டும் என்றார். நாவலில் மூன்றில் ஒரு பங்கைப் படித்தேன்; மிச்சத்தைப் புரட்டினேன். மழையில் நனைந்த வைக்கோலை ஒரு கிழவி தன்னந்தனியாகப் பிரித்துக் காயப்போடும் அத்தியாயம் ஒன்று இருந்தது. அது நிஜம். மற்றவை பிறருடைய நாவல்களிலிருந்து வந்தவை. சில என்னுடையவற்றிலிருந்தே வந்தவை. ஆனால் வாசலில் நின்ற அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. உட்கார்ந்து எழுதினேன். கிழவியின் அத்தியாயம் மனத்தில் நிற்கும் என்று தொடங்கினேன், அது உண்மை. கிராமத்தை இவரைப்போல் நுட்பமாகக் கண்டவர் சிலரே என்று தொடர்ந்தேன். அது பாதி உண்மை. தமிழ் நாவல் இவருக்காகக் காத்திருந்தது என்று முடித்தேன், அது பொய். எந்த வரியில் உண்மை முடிந்து பொய் தொடங்கியது என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு வரியும் முந்தின வரியைவிட இம்மியளவுதான் கூடுதலாக இருந்தது.

அந்த முன்னுரையை நம்பி அவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் புத்தகம் அச்சிட்டார். முழுநேர எழுத்தாளராவதென்று வேலையையும் விட்டார். இவை எனக்குப் பிறகுதான் தெரிய வந்தன. புத்தகங்கள் கட்டுக் கட்டாக அவர் வீட்டுப் பரணில் ஏறின.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கையில் இந்தப் பாட்டில்.

"நம்ம கம்பெனியில நானே கலர் அடிச்சது, சார். உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

அவர் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. புறநகர்த் தொழிற்பேட்டை ஒன்றில், கண்ணாடி பாட்டில்களுக்கு வண்ணம் பூசும் சிறு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் என்னை அழைத்துப்போய்க் காட்டினார்.

இந்த நீலம் கண்ணாடிக்குள் இருக்கிறதென்று நினைத்திருந்தேன். இல்லை, அது வெளியே பூசிய மெல்லிய தோல். பாட்டில்களைத் தூசி இல்லாமல் துடைத்து, நகர்ந்து செல்லும் சங்கிலியில் பொருத்திய கம்பிகளில் ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு முன்னே போகிறது. முதலில் அதன்மேல் தீச்சுடர் ஒன்று படுகிறது. ஈரம் போய், வண்ணம் பற்றிக்கொள்ள அது உதவும். அப்புறம் ஸ்ப்ரே துப்பாக்கி. அதன் வாய் பாட்டிலின் அடியைக் குறிவைத்துச் சாய்ந்திருக்கிறது. அடியில் வண்ணம் முழு வேகத்தில் விழுகிறது. பனிமூட்டத்தின் ஓரம் மட்டும் மேலே தொடுகிறது. அவ்வளவுதான் ரகசியம். பிறகு 150 முதல் 200 டிகிரி வரை வெப்பமுள்ள அடுப்பின் வழியே சென்று வண்ணம் இறுகுகிறது.

"இதுல மூணு நீலம், நாலு நீலம் எல்லாம் கிடையாது சார். ஒரே நீலம்தான். பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க" என்றார். பார்த்தேன். மேலே, நீலம் கரைந்துபோவதாக நான் கண்ட இடத்தில், சின்னஞ்சிறு புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு புள்ளியும் அடியில் இருந்த அதே நீலம். புள்ளிகள் அடர்ந்த இடத்தை இருள் என்கிறோம். அருகிய இடத்தைத் தெளிவு என்கிறோம்.

வண்ணம் முடிந்த பாட்டிலின்மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, பசை நாடாவை ஒட்டி வெடுக்கென்று இழுக்கிறார்கள். வண்ணம் உரிந்து வந்தால் அது கழிவு. கழிவுக் கூடையைப் பார்த்தபோது எனக்கு அந்த முன்னுரை நினைவு வந்தது. அதன்மேல் யாராவது நாடாவை ஒட்டி இழுத்திருந்தால் எத்தனை வரி எஞ்சியிருக்கும்?

அலங்காரம் என்பதே பொய்தானா? வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பொய்தான் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. அத்தருக்குப் பேர்போன கன்னோசியில் வடித்த அத்தரைத் தோலால் செய்த குடுவையில் ஊற்றி வைப்பது பழைய வழக்கம். அதற்குப் பெயரும் குப்பிதான். பார்க்க அழகில்லாத பண்டம். ஆனால் அத்தரில் தங்கிய ஈரம் அந்தத் தோலின் வழியே மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. உள்ளே வாசனை முதிர்கிறது. அழகில்லாத அந்தக் குப்பி உள்ளே இருப்பதற்கு உழைக்கிறது. நம் நீலப் பாட்டில் உள்ளே இருப்பதற்கு என்ன செய்கிறது?

ஆனால் வண்ணம் எல்லாமே வெறும் வேஷம் என்றும் சொல்லிவிட முடியாது. மருந்துக்கடைப் பழுப்புப் பாட்டிலைப் பாருங்கள். அந்தப் பழுப்பு, ஒளி பட்டால் கெட்டுப்போகும் மருந்துக்குக் குடை பிடிக்கிறது. இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கண்ணாடிச் சாலை ஒன்றில் ஜோசப் லாக் என்பவர் 1883-ல் 'ஆம்பரினா' என்ற கண்ணாடிக்கு உரிமை பதிந்தார். தேன்நிறக் கண்ணாடிக் குழம்பில் மிகச் சிறிதளவு தங்கம் கலந்திருக்கும். பாத்திரத்தை ஊதி உருவாக்கிச் சற்று ஆறவிட்டு, அதன் ஒரு பகுதியை மட்டும் மறுபடி உலை வாயில் காட்டுவார்கள். நெருப்பு பட்ட இடம் மாணிக்கச் சிவப்பாகும். படாத இடம் தேனாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்று மற்றொன்றாக மாறிச் செல்லும். அங்கே வெளியிலிருந்து பூசியது எதுவும் இல்லை. ஒரே பொருள், தான் பட்ட சூட்டின் அளவைத் தன் உடம்பிலேயே காட்டுகிறது. துன்பம் கண்ட சில மனிதர்களின் முகத்தில் அந்த அழகை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் உள்ளிருந்து வந்த நிறம் உண்மை, வெளியே பூசிய நிறம் பொய் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? நானும் சில நாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 1886-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஏலம் அந்த எண்ணத்தை மாற்றியது. மேரி மார்கன் என்ற சீமாட்டி சேர்த்துவைத்த கலைப்பொருள்களில், சீனத்துப் பீங்கான் ஜாடி ஒன்று 18,000 டாலருக்கு விலைபோயிற்று. பீச் பழத்தோலின் நிறம் அதற்கு. ஊரெல்லாம் அதே பேச்சு. உடனே மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் நகரத்துக் கண்ணாடிச் சாலை ஒன்று அதே வடிவத்தில் கண்ணாடி ஜாடிகளைச் செய்து விற்றது. உள்ளே வெள்ளைக் கண்ணாடி. வெளியே மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஏறும் கண்ணாடி. அந்த நிறமும் உலையில் பிறந்ததுதான், பூச்சு அல்ல. ஆயினும் பொருள் நகல். நகல் என்று தெரிந்தே ஜனங்கள் வாங்கினார்கள். தங்கள் கூடத்தில் வைத்து மகிழ்ந்தார்கள். அங்கே ஏமாந்தவர் யார்? அதே ஜாடியை ஒருவன் சீனத்து அசல் என்று சொல்லி விற்றிருந்தால் அது மோசடி. நிறம் உள்ளே பிறந்ததா வெளியே பூசியதா என்பது கேள்வியே அல்ல என்று அப்போது தோன்றிற்று. வாங்குகிறவன் எதை அறிந்து வாங்குகிறான் என்பதுதான் கேள்வி.

சரி, அலங்காரம் எந்த இடத்தில் பொய்யாகிறது? இங்கேதான் நம் மனச்சாட்சி வழுக்கி விழுகிறது. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நீலம் முடியும் கோட்டை என்னால் காட்ட முடியவில்லை. கிரேக்கத் தத்துவ ஞானி யூபுலிடிஸ் பெயரால் வழங்கும் பழைய புதிர் ஒன்று உண்டு. ஒரு தானியக் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால் எந்த மணியோடு அது குவியல் இல்லாமற்போகிறது? சொல்ல முடியாது. நம்மைப் போன்ற நடுத்தர மனிதர்கள் இந்தப் புதிரை ஒரு வசதியாக்கிக்கொள்கிறோம். "எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னேதானே? உபசாரத்துக்கு ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன?" என்கிறோம். கோடு இல்லை, ஆகவே குற்றமும் இல்லை! ஆனால் கோடு இல்லை என்பதால் கருநீலமும் கண்ணாடியும் ஒன்றாகிவிடுமா? குழந்தையும் அவற்றைப் பிரித்துச் சொல்லும். பாட்டிலில் கோடு இல்லாவிட்டாலும், துப்பாக்கியை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வைப்பது என்று ஒரு மனிதர் தீர்மானித்திருக்கிறார். அது தானாக நேர்வதில்லை.

எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை புத்தகத்தில் படித்ததல்ல; அந்த இளைஞர் போகிற போக்கில் சொன்னது. மேலே அந்த இரண்டு விரற்கடையை ஏன் பூசாமல் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"மூடியைத் திறக்காமலே உள்ளே என்ன கலர், ரொம்பியிருக்கான்னு பார்க்கணுமே சார்! முழுசா அடிச்சுட்டா வாங்குறவங்களுக்கு என்ன தெரியும்?"

எல்லாப் பாட்டில்களும் அப்படி அல்ல என்பதும் உண்மை. அடிக்கண்ணாடியை இரண்டு மடங்கு கனமாக வார்த்து, அந்தக் கனத்தை இருண்ட வண்ணத்தால் மறைத்து, உள்ளே இருக்கும் சிறிதளவைப் பெரிதாகக் காட்டும் பாட்டில்களும் அலமாரியில் நிற்கின்றன. உள்ளே எத்தனை மில்லிலிட்டர் என்று அச்சிட வேண்டுமென்று சட்டம் இருப்பது அதனால்தான். கண்ணை மறைத்த இடத்தில் எழுத்தாவது உண்மை சொல்லட்டும் என்று சட்டம் கேட்கிறது. வண்ணம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். மற்றவன் தன் பணத்தையோ வாழ்க்கையையோ எதை நம்பி வைக்கப்போகிறானோ, அந்த ஓர் இடத்தைப் பூசாமல் விட்டால் அது அலங்காரம். அதையும் சேர்த்துப் பூசினால் வஞ்சனை.

என் முன்னுரையில் பூசாத இடம் ஒன்றுகூட இல்லை. 'இந்த நூலில் ஒரு நல்ல அத்தியாயம் இருக்கிறது. மற்றவை இன்னும் வரவில்லை' என்ற ஒரே வரி இருந்திருந்தால், மேலே எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் பாதகமில்லை. அந்த இளைஞர் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருப்பார்.

"தொடக்க எழுத்தாளரிடம் அன்பாக நாலு வார்த்தை சொல்வது தவறா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அன்று நான் காப்பாற்றியது அவர் மனத்தை அல்ல. அவர் முகம் வாடுவதைப் பார்க்கும் சங்கடத்திலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். முழுவதும் படிக்கும் உழைப்பிலிருந்தும் தப்பித்துக்கொண்டேன். அன்பு என்று பெயரிட்டு அதன்மேல் வண்ணம் அடித்தேன்.

தொழிற்சாலை வாசலில் விடைபெறும்போது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்னொரு நாவல் எழுதியிருக்கேன் சார். நீங்கதான் மறுபடியும் முன்னுரை தரணும்."

வாங்கி வந்தேன். இந்த முறை இரண்டு தடவை, ஒரு வரி விடாமல் படித்தேன். முன்னுரை எழுதவில்லை, கடிதம் எழுதினேன். முதல் நாவலை முழுவதும் படிக்காமல் எழுதியதை முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, பாட்டில் தொழிற்சாலையைப் பற்றிய ஆறாம் அத்தியாயம் கிழவியின் அத்தியாயத்தையும் மிஞ்சக்கூடியது, ஆனால் அவசரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்றும், முடிவு இரவல் என்றும் எழுதினேன். கடைசியில் அந்தச் சங்கிலியைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

பதினொரு நாள் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்தது. "முதல் பக்கத்தைப் படித்ததும் உங்கள்மேல் கோபம் வந்தது; இன்னும் முழுவதும் போகவில்லை" என்று எழுதியிருந்தார். ஆறாம் அத்தியாயத்தை மறுபடி எழுதிக்கொண்டிருப்பதாகவும், முடிவை எடுத்துவிட்டதாகவும் சொல்லியிருந்தார். கடைசி வரி இது: "சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது, சார்."

கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுப் பேசாமல் பாட்டிலைத் துடைத்து மேஜையின் மேலேயே வைத்தாள்.