தண்ணீர் சொல்லும் பருவம்
அமெரிக்க ஏரிகளில் பெருவாய் பாஸ் மீனைத் தேடுபவர்கள் நாட்காட்டியைவிட வெப்பமானியைத்தான் நம்புவார்கள். வசந்தத்தில் நீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், ஆண் மீன் கரையோரம் வாலால் மண்ணை விசிறிக் குழி பறிக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போய்விடும், காவல் அப்பனுக்கு. அப்போது அது பசிக்குக் கடிப்பதில்லை, ஆத்திரத்தில் கடிக்கும். சுலபமாக மாட்டும். அதைத் தூக்கிய சில நிமிடங்களில் புளூகில் மீன்கள் முட்டைகளை மேய்ந்துவிடும். அதனால் உடனே, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மீனை ஏந்திக்கொண்டு விதவிதமாகப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

கோடையில் தூண்டில் போட விடியலும் அந்தியும் போதும். இலையுதிர்காலத்தில் ஷாட் என்ற சிறுமீன் கூட்டம் ஓடைகளுக்குள் ஏறும். பாஸும் பின்னாலேயே போகும்.

குளிர்காலம்தான் சோதனை. நீர் சில்லிட்டால் பாஸுக்குச் செரிமானமே மந்தம்; இரையைத் துரத்தாது. ஜிக் என்ற, ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளை அடித்தரையில் இறக்கி, அசைக்காமல், விரல் விறைக்கக் காத்திருக்க வேண்டும். வெடுக்கென்ற இழுப்பெல்லாம் வராது. தூண்டில் நரம்பு லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். பாசி என்று நினைத்துச் சும்மா இருந்தால், மீன் ஜிக்கைத் துப்பிவிட்டுப் போயிருக்கும்.