மண் வீடு யாருக்கு அறம்?

எங்க சேரிப் பெண் ஒருத்தி சூழலுக்கேற்ற கட்டடக்கலையில் முதுகலை படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், "மண்சுவரு பகல் வெக்கைய மெதுவாத்தான் உள்ள விடும் ஆயா. இந்தத் தொகுப்பு வீடு ராத்திரியெல்லாம் அனலடிக்குது" என்றாள். கிழவி சொன்னாள்: "குளுமைதான்டி. மழைக்குக் கரைஞ்ச சுவத்த வருசா வருசம் பூசுன கை இது. இனிமே முடியாது."

பேத்தி சொல்வது நிஜம். மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. ஆனால் கிழவியின் மறுப்புக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் நம்மீது விதித்த 8 தடைகளில் ஒன்று, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக் கூடாது என்பது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். மண்ணும் ஓலையும் நமக்கு வெறும் கட்டுமானப் பொருள்களா?

எகிப்தில் லக்சர் அருகே, குர்னா மக்களுக்காக 1945-இல் ஹசன் ஃபாத்தி பச்சை மண்கல்லில் குவிமாட வீடுகள் கட்டத் தொடங்கினார். உலகமே மெச்சியது. குடிபோக வேண்டியவர்களில் பெரும்பாலோர் மறுத்தார்கள். குவிமாடம் அவர்களுக்குக் கல்லறை. பிழைப்போ பழைய ஊரில்.

மண் மேல் குற்றமில்லை. விதிக்கப்பட்ட மண்வீடு வேறு, விரும்பிக் கட்டும் மண்வீடு வேறு. பூமியைக் காக்கும் எளிமையை ஊர்த்தெரு மாடியிடம் கேட்காமல் முதலில் சேரியிடம் கேட்பது என்ன அறம்? அனலடிக்கும் தொகுப்பு வீட்டையும் நம்மைக் கேட்டா கட்டினார்கள்?

படித்துவிட்டு வா, மகளே. வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து கேள்.