கையெழுத்துக்கு என்ன கூலி?



எஞ்சினியர் படிப்பு முடித்து வந்த பிள்ளைக்கு மாதம் எவ்வளவு சம்பளம் கொடுத்தால் நியாயம்? நம் சமூகத்தில் பல வீடுகளில் இன்று இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்து, கல்விக் கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டு, பட்டம் வாங்கி வந்த பையனுக்கு முதல் உத்தியோகத்தில் 2,500 வெள்ளி, மிஞ்சினால் 3,000 வெள்ளி என்று பெற்றோர்கள் கடைக்கு வரும்போது சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு தொழிலாளிக்கு இதற்குக் குறைந்து கொடுக்கலாகாது என்று 2025-ல் சட்டம் வைத்த கூலியே 1,700 வெள்ளி. இத்தனை படிப்புக்கும் மேற்கொண்டு கிடைப்பது இவ்வளவுதானா என்பது அவர்களுடைய ஆதங்கம். விஞ்ஞானப் பட்டதாரிகளின் பாடு இன்னும் சங்கடம். ரசாயனமும் உயிரியலும் படித்த பிள்ளைகள் காப்புறுதி விற்கப் போவதையும் கைப்பேசிக் கடையில் நிற்பதையும் நாம் காண்கிறோம்.

மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டுத் தராசு பிடித்தவன் நான். எஞ்சினியர் படிப்பைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். படிப்பைப் பற்றித் தெரியாது. விலையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்த அளவில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் படிப்பின் மேல் நம் பினாங்கு மக்களுக்கு ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. 1969-ல் பினாங்கின் சுதந்திரத் துறைமுக உரிமை நீங்கியது. வரியில்லாச் சரக்கை நம்பியிருந்த கடைத்தெருவில் வியாபாரம் படுத்துவிட்டது என்று அத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் உண்டாயிற்று. அதே வருஷம் அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி பினாங்கில் தொழிற்சாலை வைத்தது. முதலில் சில்லுகளைப் பொருத்தும் வேலை நடந்தது; பிற்பாடு வடிவமைக்கும் வேலையும் வந்தது. அரசாங்கமும் 1967 முதற்கொண்டே மாணவர்களில் நூற்றுக்கு 60 பேர் விஞ்ஞானமும் 40 பேர் கலையும் படிக்க வேண்டும் என்று குறி வைத்திருந்தது. 2024 மே மாதம் வெளியான தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 எஞ்சினியர்களைத் தேர்ச்சி கொடுத்து உருவாக்குவோம் என்றார்கள். ஆகவே பெற்றோர்கள் பேராசைப்பட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. அழைத்த பக்கம் போனார்கள், அவ்வளவுதான்.

இப்போது கேள்விக்கு வருவோம். இதற்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொல்கிறார்கள்.

முதல் பதில் பெற்றோருடையது. “இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தோம், அதற்குத் தக்க சம்பளம் வர வேண்டாமா?” என்கிறார்கள். மனம் இரங்கினாலும் வியாபாரி இதை ஒப்புக்கொள்ள மாட்டான். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. 2024 மே மாதம் மறுபடி திறந்தது. தடை இருந்த காலத்தில் ஏறிய விலைக்கு வாங்கி அடுக்கியவர், “எனக்கு அடக்கம் இவ்வளவு” என்று வாங்க வருகிறவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். எவரும் காது கொடுக்க மாட்டார். அடக்க விலை விற்பவனுடைய கவலை. அது விற்பனை விலையைக் கட்டாது. படிப்புக்கு ஆன செலவும் அப்படித்தான். செலவழித்தோம் என்ற ஒன்றினால் மட்டும் உலகம் நமக்குக் கடன்பட்டுவிடாது.

இரண்டாவது பதில் முதலாளியுடையது. “சந்தை விலை இதுதான். கொடுக்க நான் சம்மதித்தேன், வாங்க அவன் சம்மதித்தான். இதில் அநியாயம் எங்கே?” என்கிறார். கேட்பதற்கு இது ஒழுங்கான வியாபாரப் பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் வெங்காயத்துக்கும் எஞ்சினியருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெங்காயம் கையெழுத்துப் போடுவதில்லை.

1993 டிசம்பர் 11-ஆம் தேதியை நாம் மறக்கலாகாது. கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம், பன்னிரண்டு மாடியும் அப்படியே சாய்ந்தது. 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவில் மழைத் தண்ணீர் வடிய வழி சரியாக இல்லை. தாங்கு சுவர்கள் சரிந்தன. நகர்ந்த மண் அடித்தளத்தையே தள்ளிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் கட்டியவர் மேல் மட்டுமின்றி, வரைபடம் தந்தவர் மேலும், எஞ்சினியர் மேலும் பொறுப்பைச் சுமத்தியது. நம் பினாங்கிலேயே 2017 அக்டோபர் 21-ல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். மண்ணும் தண்ணீரும் சந்தை விலையைக் கேட்டு நடப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

விஞ்ஞானம் படித்தவர் சங்கதியும் இதுவேதான். மிளகாய் வற்றலும் நிலக்கடலையும் ஈரத்தில் கிடந்தால் அஃபிளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுதும் போகாது, நாளடைவில் ஈரலைக் கெடுக்கும். என்னைப் போன்ற கடைக்காரன் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதனைச் சாலையில் உட்கார்ந்திருக்கும் ரசாயனப் பட்டதாரிதான் சொல்ல வேண்டும். 1975-ஆம் ஆண்டின் சட்டப்படி ரசாயன நிபுணராகத் தொழில் செய்ய முறையாகப் பதிந்திருக்க வேண்டும். அவர் “ஆகும்” என்றால் சரக்கு கடைக்கு வரும். “ஆகாது” என்றால் நிற்கும். நம் பிள்ளைகள் வாயில் போவது அவருடைய ஒரு சொல்லை நம்பித்தான்.

ஆகவே நான் கண்ட நியாயம் இது. எஞ்சினியருக்கும் விஞ்ஞானிக்கும் நாம் கொடுக்கும் சம்பளம் அவர் படித்த வருஷங்களுக்கான கூலி அல்ல. “இது ஆகாது” என்று சொல்லக்கூடிய தைரியத்தை அவரிடம் காத்து வைப்பதற்கான கூலி. வேலை போனாலும் நாலு மாதம் குடும்பம் ஓடும் என்ற நிலையில் இருப்பவர் முதலாளியின் முகத்தைப் பார்த்து, “இந்தச் சுவர் போதாது, நான் கையெழுத்திட மாட்டேன்” என்று சொல்லலாம். வீட்டு வாடகையும் கடன் தவணையும் கழுத்தை நெரிக்கிறவர் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம்!

புதிதாகச் சேர்ந்த பையன் கையெழுத்தா போடுகிறான் என்று கேட்கலாம். உண்மை. 1967-ஆம் ஆண்டின் எஞ்சினியர் பதிவுச் சட்டப்படி பட்டதாரி முதலில் வாரியத்தில் பதிய வேண்டும்; குறைந்தது மூன்று வருஷ அனுபவமும் தேர்வும் கழிந்த பின்னரே நிபுண எஞ்சினியர் என்ற தகுதி வரும். ஆனால் வெயிலில் நின்று அளப்பவனும், கணக்குப் போடுபவனும், சுவரில் முதல் வெடிப்பைக் காண்பவனும் அந்தப் பையன்தான். அவன் கண்டதைச் சொன்னால்தான் பெரியவர் கையெழுத்து மெய்யாகும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. “நேர்மை பணத்தாலா வருகிறது? ஏழைகளில் யோக்கியர் இல்லையா? கொழுத்த சம்பளம் வாங்குகிறவர் தவறு செய்வதில்லையா?” என்பார்கள். மறுக்கவில்லை. நேர்மையை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வறுமையிலும் ஒருவன் நேர்மையாக இருந்தால் அந்தப் புகழ் அவனைச் சேரும்; அவனை வறுமையில் வைத்த பழி நம்மைச் சேரும். கல்லாப்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் பசித்த பையனைக் காவல் வைக்கிறவன் நல்ல முதலாளி அல்ல. அந்தப் பையன் ஒரு காசும் தொடாதிருந்தால்கூட அல்ல.

முதலாளிகள் மேல் மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடவும் கூடாது. குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்றால், அவர் எங்கே குறைப்பார்? சிமெண்டில் குறைத்தால் பிடிபடுவார். சம்பளத்தில் குறைத்தால் யார் கேட்பார்? வீடு கட்டும்போதும் கடைக்கு மின்சாரம் இழுக்கும்போதும் “யார் மலிவு?” என்று மட்டும் கேட்கிற நாமும் அந்தச் சம்பளத்தை நிர்ணயிக்கிறவர்கள்தான்.

பையன்கள் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார்களே, நாட்டுப் பற்று இல்லையே என்று சிலர் கோபிக்கிறார்கள். 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறியது. இன்று அவர்கள் ஒரு வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல். நம் எஞ்சினியர் பட்டம் 2009-ல் வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்ததனால் பல நாடுகளில் மதிக்கப்படுகிறது. மதிப்புள்ள இடத்துக்கு மனிதன் போவது துரோகம் அல்ல. இங்கே இருக்கிறவனை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகனையோ மகளையோ இந்தப் படிப்பில் சேர்க்குமுன், அந்தப் பாடத்தை எஞ்சினியர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா என்று கேளுங்கள். முதல் சில வருஷம் சம்பளம் சொற்பமாகவே இருக்கலாம் என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சரக்கின் குறையை மறைத்து விற்பது தவறு என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்; சொந்தப் பிள்ளையிடம் மட்டும் அதைச் செய்யலாமா? கணக்கும் இயந்திரமும் அவன் மனதுக்குப் பிடித்திருந்தால் படிக்கட்டும். போட்ட பணம் வட்டியோடு திரும்பும் என்ற எண்ணம் மட்டும் காரணமானால் வேண்டாம். பிள்ளை முதலீடு அல்ல.

நம் சங்கத்தில் தொழில் நடத்தும் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். அடுத்த முறை ஒரு பட்டதாரிக்குச் சம்பளம் பேசும்போது, “இவன் எவ்வளவுக்கு வருவான்?” என்று கேட்பதோடு நிற்காமல், “நான் தவறு செய்யும் நாளில் இவன் என்னைத் தடுக்க வேண்டும். அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?” என்றும் ஒரு தரம் தங்களைக் கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறேன். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கப் போவது நம் மக்கள்தான்.