"நாங்க" என்ற ஒரு வார்த்தை



சிறுவாச்சூரில் நம் சபைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஜெப விண்ணப்பம் அனுப்பத்தான் ஆரம்பித்தோம். சில மாதங்களுக்கு முன், சபைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, தன் தாயாருக்கு சுகம் கிடைத்ததைச் சாட்சியாக எழுதி, "கடவுள் நல்லவர்" என்று முடித்திருந்தார். மூப்பர் ஒருவர் உடனே, "நாங்க தேவன்னுதான் சொல்லுவோம்" என்று பதில் போட்டார். அடுத்த ஞாயிறு தம்பி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூப்பரைக் கேட்டேன். "சபை வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன் பாஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்றார். மெய்தான், அவர் மனதில் கசப்பில்லை. ஆனால் நம் தமிழில் 'நாம' வேறு, 'நாங்க' வேறு அல்லவா? "நாம சாப்பிடலாம்" என்றால் உனக்கும் இலை போட்டாயிற்று. "நாங்க சாப்பிடப்போறோம்" என்றால் நீ வீட்டுக்குப் போகலாம். நேரில் சொல்லியிருந்தால் அவருடைய சிரிப்பாவது தெரிந்திருக்கும். போனில் எழுத்து மட்டும்தானே போகிறது!

என் தப்பும் உண்டு. நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வெங்காயக் காட்டுக்குப் போய்விட்டேன். போட்டது சாட்சிக்கு. அது போய் விழுந்ததோ மூப்பர் பதிலுக்குக் கீழே. பாஸ்டரும் ஆமென் சொல்லிவிட்டார் என்று தம்பி எண்ணிக்கொண்டார்.

சரி, அந்த வார்த்தைக்காகவாவது சண்டை வேண்டுமா? 1715-ல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்க் ஐயரின் புதிய ஏற்பாட்டில் 'சருவேசுரன்'. பப்ரிசியஸ் ஐயர் 'பராபரன்' என்றார். நம் கையிலிருக்கும் 'தேவன்' 1871-ல் வந்த பவர் ஐயர் திருத்தத்தின் வழி வந்தது. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. தம்பி சிறுவயதில் வாசித்தது அதைத்தான்.

யோசுவா 22-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் யோர்தான் ஓரத்தில் பெரிய பீடம் கட்டினார்கள். மற்றவர்கள் அதைத் துரோகம் என்று எண்ணி, யுத்தத்துக்குச் சீலோவில் கூடிவிட்டார்கள். ஆனாலும் பட்டயத்துக்கு முன்னே பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள், பாருங்கள்! முதலில் அவர்களும் கடிந்துதான் பேசினார்கள். ஆனால் பதிலையும் நின்று கேட்டார்கள். என்ன பதில்? உங்கள் பிள்ளைகள் நாளைக்கு யோர்தானை எல்லையாகக் காட்டி, எங்கள் பிள்ளைகளுக்குக் கர்த்தரிடத்தில் பங்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான், பலிக்கல்ல, சாட்சிக்காகவே கட்டினோம் என்றார்கள். அந்த 'நாங்க'வுக்குத்தான் அவர்களும் பயந்தார்கள்.

போன வாரம் மூப்பரும் நானும் தம்பியின் வீட்டுக்குப் போனோம். அரைமணி நேரம் தாயாரின் சுகத்தைப் பற்றியே பேச்சு. பிறகு மூப்பர், "நாம ஜெபிக்கலாமா தம்பி?" என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, பாயை மட்டும் விரித்துப் போட்டார்.

இந்த ஞாயிறு வந்திருந்தார். கடைசி வரிசையில், வாசல் ஓரமாக. அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.