பொருத்தம்

சிறந்தவற்றையெல்லாம் சேர்த்துவிட்டால் சிறந்தது பிறந்துவிடும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். விளையாட்டுக்கென்றே உயர்ரகக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டும் இளைஞர்கள் அப்படி நம்புவதில்லை.

2025-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 575 வாட் வரை மின்சாரம் வேண்டும். பவர் சப்ளைக்கு அந்தத் திராணி இல்லையென்றால் கார்டின் பெருமை என்னாவது?

டிடிஆர்4, டிடிஆர்5 ராம் தகடுகளைப் பாருங்கள். இரண்டுக்கும் 288 தொடுமுனைகளே, பார்வைக்கு உடன்பிறப்புகள். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. விளிம்பிலுள்ள சிறு வெட்டு இடம் மாறியிருக்கிறது. அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருணை என்றே தோன்றுகிறது. பழுது நேருமுன்பே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறதல்லவா?

நாமோ கல்யாணப் பேச்சில் படிப்பையும் சம்பளத்தையும் அழகையும் கூட்டிப் பார்க்கிறோம். பின்னால் வீடு இரண்டுபட்டால், 'இருவருமே தங்கமானவர்களாயிற்றே!' என்று வியக்கிறோம். தங்கம்தான்; ஒருவரையொருவர் தாங்குவார்களா என்று யார் கேட்டார்கள்?

அந்தச் சிறு வெட்டு மனிதரிடமும் உண்டு. பெண்ணோ பிள்ளையோ தயங்கித் தயங்கிச் சொல்லும் 'வேண்டாம்' அதுதான். விவரம் தெரிந்தவன் எவனும் ராம் தகட்டை அழுத்தித் திணிப்பதில்லை. மனிதரை நாம் திணிக்கிறோம். அதற்கு 'அனுசரித்துப் போவது' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.