வானமும் வாய்மையும்

கடல் கடந்து வாழும் நம்மவர் இல்லங்களில், பூசையறைக்கு அடுத்தபடியாக மதிப்புப் பெற்ற இடம் ஒன்று உண்டு. அது பிறந்த ஊரின் படம் தொங்கும் சுவர். கோபுரமோ, குளமோ, வயல்வெளியோ, எதுவாயினும் அப்படத்தைக் காட்டி, ‘இதுதான் நம் ஊர்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். அங்ஙனம் சொல்லும்போது நாம் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறோம். அந்த வாக்கு எத்துணை உறுதியானது என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழையும் வினா.

பிச்சாட்டூரை எடுத்துக்கொள்வோம். சென்னையினின்று ஊத்துக்கோட்டை வழியே திருப்பதிக்குச் செல்வோர், பள்ளிகொண்ட ஈசன் கோயில் கொண்ட சுருட்டப்பள்ளியையும், வேதநாராயணர் உறையும் நாகலாபுரத்தையும் கடந்து அடையும் ஊர் அது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆரணியாற்றின் நீரைத் தேக்கும் நீர்த்தேக்கமும், சூழ நிற்கும் குன்றுகளும் அவ்வூருக்கு அணி செய்வன.

இந்நீர்த்தேக்கத்தின் படமொன்று நம் சுவரில் தொங்குவதாகக் கொள்வோம். மார்கழி மாதம், மழை ஓய்ந்து நீர் ததும்புகிறது. குன்றுகளுக்கு மேலே பால்வீதி, ஊதாவும் பொன்னுமாக, வானை நிறைத்து எழுகிறது. காண்போர் வாயடைத்து நிற்பர். ஆனால், அத்தகைய இரவு பிச்சாட்டூரில் என்றுமே வந்ததில்லை. பால்வீதியின் ஒளிமிக்க மையப்பகுதி மார்கழியில் கதிரவன் இருக்கும் திசையிலேயே நிற்பதால், அம்மாதத்து இரவுகளில் அது தோன்றுவதில்லை. அதனைக் காண வேண்டின் சித்திரையின் பின்னிரவில் விழித்திருக்க வேண்டும். ஆகவே அப்படம் ஓர் இரவின் படமன்று. மார்கழி நிலத்தையும் சித்திரை வானத்தையும் கணினியில் இணைத்த படம். இது பொய்யா, கலையா?

விரைந்து தீர்ப்புக் கூறுதல் தகாது. முதலில், படம் எடுப்போனின் இடர்ப்பாட்டை அறிதல் வேண்டும். இருளில் நம் கண்ணின் நிறமறியும் உயிரணுக்கள் செயல் குன்றிவிடும்; ஒளியை மட்டும் உணரும் உயிரணுக்களே விழித்திருக்கும். ஆதலால் நம் முன்னோர் எவரும் பால்வீதியை ஊதாவாகவோ பொன்னாகவோ கண்டதில்லை. வெண்புகை போலவே கண்டனர். ஒளிப்படக் கருவியோ, தன் கண்ணை அரை நிமிடம் திறந்தே வைத்து, வந்து விழும் ஒளியையெல்லாம் சேர்த்து வைக்கிறது. அது காட்டும் நிறங்கள் முற்றிலும் கற்பனையல்ல. நம் கண்ணுக்கு எட்டாத உண்மைகள்.

ஆனால் உலகம் சுழல்கின்றது. ஒரு நிமிடத்துக்குக் கால் பாகை வீதம் விண்மீன்கள் நகர்கின்றன. நெடுநேரம் திறந்து வைத்தால் அவை புள்ளிகளாக அன்றிக் கோடுகளாகப் பதியும். விண்மீனைப் பின்தொடருமாறு கருவியைச் சுழற்றினாலோ, விண்மீன் நிலைக்கும், குன்று கலங்கிவிடும். ஆகவே வானுக்கு ஒரு படமும் நிலத்துக்கு ஒரு படமும் எடுத்து இணைப்பது பல வேளைகளில் தவிர்க்க இயலாத தேவை. ஒரே காட்சியைப் பதினாறு முறை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால், படத்தில் படியும் புள்ளிக் கலக்கம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அடுக்குவதனால் இங்கே உண்மை மறைவதில்லை, தெளிவடைகிறது.

இவ்விணைப்பு நேற்று முளைத்ததும் அன்று. 1850களில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படமெடுத்தபோது, அக்காலத்துத் தகடுகள் நீல ஒளியை மிகையாக ஏற்றமையால் வானம் வெளுத்துப் போயிற்று. ஆகவே சில படங்களில் கடலுக்கு ஒரு தகடும் மேகத்துக்கு ஒரு தகடுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். ஒளிப்படக் கலையின் இளமைக் காலத்திலேயே வானம் ஒட்டப்பட்டுவிட்டது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் திருமணப் பந்தலிலேயே இத்தகைய காட்சி ஒன்று உண்டு. அம்மி மிதித்தபின் மணமக்களுக்கு அருந்ததி காட்டுவர். முகூர்த்தமோ பெரும்பாலும் பகலில். சுட்டிய விரலுக்கு அப்பால் வெயிலன்றி வேறொன்றும் தெரியாது. ஆயினும் ‘கண்டோம்’ என்று மணமக்கள் சொல்வர். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. காட்டுபவர்க்கும் தெரியும், காண்பவர்க்கும் தெரியும், பந்தலில் அமர்ந்திருப்போர் அனைவர்க்கும் தெரியும். அனைவரும் அறிந்து ஏற்ற வழக்கு பொய்யாவதில்லை.

அங்ஙனமாயின் பொய் எங்கே பிறக்கிறது? நம் அனைவர்க்கும் கைப்பேசி வழி வந்து சேர்ந்த படமொன்று இதற்கு விடை தரும். ‘தீபாவளி இரவில் விண்ணிலிருந்து கண்ட இந்தியா’ என்ற பெயரோடு, வண்ண விளக்குகள் மின்னும் பாரத நாட்டின் படம் ஆண்டுதோறும் ஐப்பசியில் வலம் வருகிறது. உண்மையில் அஃது ஓர் இரவின் படமே அன்று. அமெரிக்க நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்து அறிஞர் ஒருவர், பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் பதிவுகளை இணைத்து 2003இல் ஆக்கியது. 1992க்கு முன்னரே இருந்த விளக்குகளுக்கு வெண்மை; 1992இல் தோன்றியவற்றுக்கு நீலம்; 1998இல் தோன்றியவற்றுக்குப் பச்சை; 2003இல் தோன்றியவற்றுக்குச் சிவப்பு. மக்கட் பெருக்கத்தையும் நகர வளர்ச்சியையும் காட்ட எழுந்த விளக்கப்படம் அது. 2012 நவம்பர் 12ஆம் நாள் இரவு சுவோமி என்னும் செயற்கைக்கோள் இந்தியாவை மெய்யாகவே படமெடுத்தது. அப்படத்தை வெளியிட்ட நாசா நிறுவனம், தீபாவளி விளக்குகளால் கூடும் ஒளி விண்ணிலிருந்து உணர இயலாத அளவு சிறியது என்று தெளிவுபடுத்தியது.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆக்கியவர் பொய் சொல்லவில்லை. எந்நிறத்துக்கு எப்பொருள் என்று கூறியே தந்தார். படத்திலும் ஒரு புள்ளி மாறவில்லை. கைக்குக் கை மாறுகையில் அந்த விளக்கவுரை மட்டும் உதிர்ந்துவிட்டது. உரை உதிர்ந்த அக்கணத்தில் படம் பொய்யாயிற்று. ஹப்பிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ என்னும் புகழ்மிக்க படத்திலும் கந்தகத்துக்குச் சிவப்பு, நீரகத்துக்குப் பச்சை, உயிரகத்துக்கு நீலம் என்று நிறங்கள் ஏற்றப்பட்டவையே. அதனைப் பொய்யென்று அறிஞர் எவரும் தள்ளவில்லை. நிறத்தின் பொருள் படத்தோடு சேர்ந்தே வந்தது. ஆதலின் பொய் இணைப்பில் இல்லை. இணைத்ததை மறைப்பதில் இருக்கிறது. இணைத்தவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. உரையை உதிர்த்துவிட்டுப் பிறர்க்கு அனுப்பிய கைகளில் நம் கையும் ஒன்றன்றோ?

இதற்கு மறுப்புரைப்போர் வள்ளுவரைத் துணைக்கு அழைக்கக்கூடும். வாய்மையை வரையறுத்த அப்பெருந்தகை, பிறர்க்குத் தீங்கு விளையாமையை அளவுகோலாகக் கொண்டார். ‘அழகிய படத்தால் யாருக்கு என்ன தீங்கு? ஊரை நினைந்து ஏங்கும் நெஞ்சுக்கு ஓர் ஆறுதல்தானே?’ என்பர். வலிமையுள்ள கேள்விதான். ஆனால் தீங்கு இரண்டு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

ஒன்று, பிள்ளைக்கு நேர்வது. சுவரில் அப்படத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளை ஒருநாள் பிச்சாட்டூர்க் கரையில் நிற்கும். அண்ணாந்து பார்க்கும். ஊதாவும் இராது, பொன்னும் இராது. மங்கிய சில விண்மீன்களே இருக்கும். ‘இவ்வளவுதானா?’ என்று அது கேட்கும். ஊர் குறைபடவில்லை, நாம் கொடுத்த வாக்கே மிகைபட்டது. எனினும் பழி ஊரின்மேல் விழும். ஒரு பொய்யான அழகு ஓர் உண்மையான அழகை இவ்வாறு சிறுமைப்படுத்திவிடுகிறது.

மற்றொன்று, இதனினும் பெரிது. வானம் உண்மையிலேயே மங்கி வருகிறது. தென்கிழக்கே சென்னை மாநகரின் ஒளி அடிவானில் பரவி நிற்க, சாலையோரத்து வெண்விளக்குகள் பெருக, நம் முன்னோர் திண்ணையில் படுத்துக் கண்ட வெண்புகைப் பால்வீதி மெல்ல மறைகிறது. இழந்ததைப் படத்தில் ஒட்டிவைத்துவிட்டால், இழந்தோம் என்ற உணர்வே நமக்கு எழாது. உணர்வு எழாத இடத்தில் காக்கும் முயற்சியும் எழாது. லடாக்கின் ஹன்லேயில் இழப்பை முன்கூட்டியே உணர்ந்தார்கள். 2022இல் அப்பகுதி இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. வீண் ஒளி வானுக்கு எழாதபடி விளக்குகளுக்கு மறைப்பிட்டார்கள். விண்மீன் காட்டும் பணியில் ஊரார் சிலரே பயிற்சி பெற்றனர். வானைக் காத்தவர்களுக்கு அதனை ஒட்டவேண்டிய தேவை இல்லை.

ஒளிக்காகக் காத்திருத்தல் என்னும் பண்பு பிச்சாட்டூர்ப் பக்கத்துக்குப் புதிதும் அன்று. நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கதிரவனின் ஒளி வாயில் கடந்து கருவறை புகுந்து, முதல்நாள் இறைவன் திருவடியிலும், மறுநாள் திருமேனி நடுவிலும், மூன்றாம்நாள் திருமுடியிலும் படியும். அதனைக் காண மக்கள் கூடிக் காத்திருப்பர். மேகம் மறைத்தால் ஏமாற்றமே. ஆயினும் விளக்கொன்றைப் பிடித்து அவ்வொளியைப் போலி செய்ய எவரும் துணிவதில்லை. காத்திருந்து பெறுவதே அவ்வொளியின் சிறப்பு.

இனி, நம் நெஞ்சையும் சற்றே திறந்து பார்ப்போம். புலம்பெயர்ந்த நாம் அனைவருமே படத்தை இணைப்பவர்கள்தாமே? நம் இளமைக்கால வானத்தை இன்றைய ஊரின்மேல் ஒட்டி, வறட்சியை நீக்கி, வழக்குகளை அழித்து, நிறைந்த ஏரியை மட்டும் நிறுத்தி, ‘இதுதான் நம் ஊர்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம். ஏக்கம் இணைக்கத்தான் செய்யும், அது குற்றமன்று. இணைத்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவதே குற்றம்.

நம் முன்னோர் தருக்க நூலில் ‘அருந்ததி நியாயம்’ என்றொரு முறையை வகுத்தனர். மங்கலான அருந்ததியை எடுத்த எடுப்பில் காட்ட இயலாது. ஆதலால் அருகிலுள்ள பெரிய விண்மீனை முதலில் காட்டி, ‘அதுவன்று, அதற்குப் பக்கத்தில்’ என்று கண்ணை அழைத்துச் செல்வர். செயற்கை அழகூட்டிய வானப்படமும் அத்தகைய பெரிய விண்மீனே. அதனைக் காட்டுதல் தவறன்று. காட்டியபின் ‘அதுவன்று’ என்னும் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதே தவறு.

ஆகவே சுவரிலிருக்கும் படத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் கீழே ஒரு வரி எழுதிவைப்போம்: ‘நிலம் மார்கழியில் எடுத்தது, வானம் சித்திரையில் எடுத்தது, இரண்டும் இணைக்கப்பட்டவை.’ பிறகு ஒரு சித்திரையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, நிலவில்லாப் பின்னிரவில் அக்கரையில் நிறுத்துவோம். வடக்கே துருவமீன் அடிவானுக்கு மேல் 13 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்பதைக் காட்டுவோம்; இலண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிற்பது. ஊர் மாறினால் விண்மீனின் உயரமும் மாறும் என்பதை அவர்கள் அங்கே கற்பார்கள். பின்னர்த் தென்புறம் திரும்பி, மங்கலாக, நிறமின்றி, உண்மையாக நிற்கும் அந்த வெண்புகையைத் தேடச் சொல்வோம். அவர்கள் கண்டால் மகிழ்வோம். காணவில்லையெனின், எதனை இழந்தோம் என்பதையாவது அவர்களோடு சேர்ந்து அறிவோம்.